நூறு டாலர் லென்ஸும் மதுரைக் கணக்கும்

எங்கள் அப்பத்தாவுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முகாமில் வைத்துக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. கட்டுப் பிரித்து, சோடா புட்டி அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு சொம்பிலிருந்து தம்ளரில் அவர் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில்தான் விழும். வாசப்படியில் கால் வைக்கும்போது ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார். பக்கவாட்டிலிருந்து யாராவது வந்தால், சுவரிலிருந்து குதித்தது போலத் திடீரென்று முன்னால் நிற்பதாகச் சொல்லித் திட்டுவார். ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்று கண்ணாடியைத் தட்டிவிட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை இரண்டு மாதம் திண்ணையை விட்டு இறங்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே.

அவர் சொன்னதெல்லாம் வயதானவரின் புலம்பல் இல்லை. புரை என்பது கண்ணுக்குள் இருக்கிற இயற்கை லென்ஸ் மங்கிப்போவது. அந்த லென்ஸை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 10 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடி எதையும் கால்வாசிக்கும் மேலாகப் பெரிதாக்கிக் காட்டும். அதனால்தான் தம்ளர் இருக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் ஒன்று. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வளையம் முழுக்க எதுவுமே தெரியாது. வருகிற ஆள் அந்த வளையத்துக்குள் மறைந்து, சட்டென்று நடுவில் முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி, இன்னொரு கண் ஓரளவு தெரிந்தால் இன்னும் மோசம்: ஒரு கண்ணில் பெரிய உருவம், மறு கண்ணில் சின்ன உருவம். மூளையால் இரண்டையும் ஒட்ட வைக்க முடியாது.

வசதி உள்ளவர்கள் அந்த நாளிலேயே 'லென்ஸ் வைத்த ஆபரேஷன்', அதாவது கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிற ஆபரேஷன், செய்துகொண்டார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரே நோய், ஒரே ஊர், இரண்டு விதமான பார்வை. அந்த இடைவெளி எப்படி மூடியது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். இதில் புதுக் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் கிடையாது. புதிதாக வந்தது விலைதான்.

கண்டுபிடிப்பு பழையது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தெறித்து உள்ளே தங்கிவிட்டன. வேறு பல பொருள்களின் சில்லாக இருந்திருந்தால் கண் சிவந்து வீங்கியிருக்கும். இந்தப் பிளாஸ்டிக்கைக் கண் பேசாமல் ஏற்றுக்கொண்டதை லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அதே பொருளில் ஒரு லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் அவரைப் பாராட்டவில்லை. கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் நம் வேலை, இந்த ஆள் உள்ளே வைக்கிறாரே என்று வெகுகாலம் எதிர்த்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும்தான் மேலை நாடுகளில் அது வழக்கமான சிகிச்சை ஆனது. ஆக, அப்பத்தா சோடா புட்டிக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தேவையான பொருளுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இனி மதுரை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போனவர். மகப்பேறு மருத்துவம் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்து வைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கையோடு, 1976இல், ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. எல்லாரும் அவரை 'டாக்டர் வி' என்பார்கள். மருத்துவமனையின் ஏற்பாடு எளிது: காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், அந்த வருமானத்தில் கொடுக்க முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கும். அமெரிக்க ஹாம்பர்கர் கடைச் சங்கிலியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்ற கதையை மேலாண்மை வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. கட்டண நோயாளிகள் லென்ஸ் கேட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்தார்கள். இலவச நோயாளிகளுக்கோ பழையபடி கண்ணாடிதான். ஒரே அறுவை அரங்கம், ஒரே மருத்துவர், ஆனால் வெளியே வரும்போது ஒருவருக்கு முழுப் பார்வை, இன்னொருவருக்கு அரைகுறைப் பார்வை. ஏழைக்கும் பணக்காரருக்கும் சிகிச்சையில் வேறுபாடு கிடையாது என்று சொல்லி வளர்ந்த இடத்துக்கு இது உறுத்தலாக இருந்திருக்கும்.

அப்போது இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலருக்கு மேல். 1991இல் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகு அது 2,500 ரூபாயைத் தாண்டியது. விவசாயக் கூலிக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் உழைத்தால் வரும் பணம் அது. கொடை வழியாகச் சில லென்ஸ்கள் வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை அப்படித் திரட்டிக் கொடுத்தது. ஆனால் கொடையை நம்பி ஆபரேஷன் பட்டியல் போட முடியாது. லென்ஸ் என்பது சட்டைப் பொத்தான் இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பவர் வேண்டும், அரை டயாப்டர் இடைவெளியில் பல பவர்களை இருப்பு வைத்திருக்க வேண்டும். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து பவரைக் கணக்கிடுகிறார்கள். நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறக்குறைய 2.5 டயாப்டர் பிசகும். கொடையாக வரும் பெட்டியில் 21 பவர் இருபது இருக்கும், நமக்கு வேண்டிய 23 இருக்காது. ஓசியில் கிடைக்கும் செருப்பு மாதிரிதான். காலைத்தான் செருப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

விலையைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டு உற்பத்தியாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் குறைக்க அவசியமும் இல்லை. அமெரிக்காவில் காப்பீடு பணத்தைக் கட்டிவிடுகிறது, இந்தியாவில் வசதியுள்ள சிலர் வாங்குகிறார்கள், விலையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிய நெருக்கடி எங்கே? இன்னொரு பக்கம், ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஆடம்பரம், பார்வையற்றவர்கள் மலை போலக் குவிந்திருக்கையில் பழைய ஆபரேஷனும் கண்ணாடியுமே போதும் என்ற கருத்து நிபுணர்கள் பலரிடம் இருந்தது. இது முழுக்கத் தப்பான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு பேருக்கு அரைப் பார்வையா, பத்துப் பேருக்கு முழுப் பார்வையா என்று கேட்டால் பொதுச் சுகாதாரக்காரர் நூறைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் அந்தக் கேள்வியே லென்ஸ் விலை 100 டாலர் என்பதை இயற்கை விதி போல எடுத்துக்கொண்டு கேட்கப்பட்டது.

அந்த 100 டாலரை எடுத்து மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர். சேவா அறக்கட்டளையில் வேலை செய்தவர். பொறியியல் படித்தவரும் டாக்டர் வியின் குடும்பத்தைச் சேர்ந்தவருமான பாலகிருஷ்ணன் உற்பத்திப் பொறுப்பை ஏற்றார். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. அரவிந்தைச் சார்ந்து, அறக்கட்டளையாக நடக்கும் லென்ஸ் தொழிற்சாலை. வருகிற உபரி பங்குதாரருக்குப் போகாது, அடுத்த இயந்திரத்துக்கும் அடுத்த பொருளுக்கும் போகும். தொழில்நுட்பத்தை அமெரிக்காவிலிருந்து காசு கொடுத்து வாங்கினார்கள். திருட்டு நகல் இல்லை, புதுக் கண்டுபிடிப்பும் இல்லை.

லென்ஸ் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் விலையின் சூட்சுமம் புரியும். மூலப்பொருள், ரிட்லி எடுத்த அதே வகைப் பிளாஸ்டிக், பி.எம்.எம்.ஏ. நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம்தான் பார்வைக்கு. அதன் இருபுறமும் மீசை மாதிரி வளைந்த இரண்டு கால்கள். அவை லென்ஸை அதன் இடத்தில் நிற்க வைக்கும். மொத்த எடை கிராமில் கொஞ்சம், மில்லிகிராமில் சொன்னால் இருபது சொச்சம். அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பைசாக் கணக்கில்தான் விலை. கடைசல் இயந்திரத்தில் வைத்து வளைவைச் செதுக்குகிறார்கள், கால்களை அரைத்து எடுக்கிறார்கள், பிறகு நுண்ணிய மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுகிறார்கள். ஆற்றில் கூழாங்கல் வழுவழுப்பாவது போல. அப்புறம் நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஒரு கீறல், ஓரத்தில் ஒரு சின்னச் சிலும்பல் இருந்தாலும் கழித்துவிடுவார்கள். பவர் அளந்து, கழுவி, பொதிந்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கம் செய்து அனுப்புகிறார்கள்.

செலவு எங்கே இருக்கிறது? இயந்திரத்தில், தூசியில்லாத அறையில், கழிபடுகிற லென்ஸ்களில், பார்த்துக் கழிக்கிற கண்களில். இவற்றில் பெரும்பாலானவை எண்ணிக்கை கூடக் கூட ஒரு லென்ஸுக்குக் குறைந்துகொண்டே வரும். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். 100 டாலரில் மிச்சமிருந்த பெரும்பகுதி விற்பனைச் செலவு, விளம்பரம், இடைத்தரகு, லாபம். புதுத் தொழிற்சாலைக்கு இந்தப் பகுதியைக் கிள்ளி எறிய முடிந்ததற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. அது திறக்கும்போதே வாங்குபவர் வாசலில் நின்றார். அரவிந்த் மருத்துவமனைகளே ஆண்டுதோறும் பல்லாயிரம் லென்ஸ்களை வாங்கும். மற்ற நாடுகளில் இதே மாதிரி முயன்றவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். மலிவாகச் செய்யத் தெரியும், வாங்க ஆள் இருக்காது.

முதலில் விலை 10 டாலர் அளவில் நின்றது. போகப் போக அடிப்படை லென்ஸ் 2 முதல் 4 டாலருக்கு வந்தது.

"இவ்வளவு மலிவா? அப்போ தரம்?" இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? மருத்துவத்தில் விலை குறைவு என்பது நல்ல பெயர் இல்லை. ஏழைக்கு ஏழை லென்ஸ் என்று ஆகிவிட்டால் எல்லாம் வீண். இதற்குப் பதில் இரண்டு வகையில் வந்தது. ஐரோப்பியத் தரச் சான்று வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அது ஒரு வழி. எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது இன்னொன்று: மதுரை லென்ஸ் ஆய்வு என்று அழைக்கப்படுகிற சோதனை. இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை இழந்த 3,400 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய ஆபரேஷனும் கண்ணாடியும், மறு பாதிக்கு லென்ஸ் வைத்த ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். முடிவுகள் 1998இல் வெளியாயின. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில், அதிவேகமாக ஆபரேஷன் நடக்கிற இடத்திலேயே, லென்ஸ் வைப்பது பாதுகாப்பானது, பார்வையும் அன்றாட நடமாட்டமும் அதில்தான் மேம்படுகின்றன என்று தெரிந்தது. 'ஏழை நாட்டுக்குக் கண்ணாடி போதும்' என்ற பேச்சுக்கு அதற்கப்புறம் நிற்க இடம் குறைந்துபோனது.

சரி, மலிவான லென்ஸ் வந்துவிட்டது. அதை உள்ளே வைப்பது யார்?

இந்தப் பகுதியைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். பழைய முறையில் இயற்கை லென்ஸை அதன் உறையோடு முழுசாக உருவி எடுப்பார்கள். வேகமாக முடியும், முகாம் கொட்டகையில்கூட நடக்கும். ஆனால் உறையையும் எடுத்துவிட்டால் செயற்கை லென்ஸை எதில் உட்கார வைப்பது? அதனால் உறையின் முன்பக்கத்தை மட்டும் திறந்து, புரையை வெளியே எடுத்து, பின்பக்க உறையைக் கிழியாமல் காப்பாற்ற வேண்டும். சவ்வு என்றால் அப்படி ஒரு சவ்வு. அதற்கு அறுவை நுண்ணோக்கி வேண்டும், அதில் பழகிய கை வேண்டும். நாட்டின் ஆயிரக்கணக்கான கண் மருத்துவர்கள் கை பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1992இலேயே லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு அரவிந்த் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற மருத்துவமனைகளின் ஆட்களை வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தது. உலக வங்கிக் கடனுடன் 1994 முதல் 2002 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டமும் லென்ஸ் ஆபரேஷனை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனது. போட்டியாளர்களுக்கே தொழில் கற்றுக் கொடுக்கிறார்களே என்று வியப்பவர்கள் உண்டு. அப்படிக் கற்றுப் போன ஒவ்வொரு மருத்துவரும் ஒரு மலிவு லென்ஸை வாங்கப் போகிறவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு கொஞ்சம் குறையும். நல்ல மனசும் நல்ல கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்த அபூர்வமான இடம் அது.

அப்புறம் தையல் பிரச்சினை. பி.எம்.எம்.ஏ. லென்ஸ் மடங்காது. 6 மில்லிமீட்டர் வட்டத்தை நுழைக்க அந்த அளவுக்கு வெட்டு வேண்டும், வெட்டைத் தைக்க வேண்டும், தையல் இழுத்தால் பார்வை கோணும். மேலை நாடுகளில் அதற்குள் மீயொலி அலையால் புரையைக் கரைத்து உறிஞ்சும் 'ஃபேகோ' இயந்திரம் வந்து, 3 மில்லிமீட்டர் துளை வழியே மடங்கும் லென்ஸை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். இயந்திரமும் விலை, அதன் உதிரிகளும் விலை, மடங்கும் லென்ஸும் விலை. தெற்காசியாவின் மருத்துவர்கள் வேறு வழியைத் தேர்ச்சியாக்கினார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சாய்வாக ஒரு சுரங்கம் போல வெட்டிக்கொண்டு போய் உள்ளே திறப்பது. வேலை முடிந்ததும் கண்ணின் அழுத்தமே சுரங்கத்தை மூடிக்கொள்ளும். தையலே வேண்டாம். பெரிய இயந்திரமும் வேண்டாம். முற்றிப் பாறையான புரைக்கு இது ஃபேகோவைவிடத் தோதானது என்றே பலர் சொல்வார்கள், நம் ஊரில் வருவதெல்லாம் அப்படிப்பட்ட புரைதானே. நேபாளத்தில் சந்துக் ரூயித் இந்த முறையில் பெயர் பெற்றவர். அவருடைய திலகங்கா மையமும் தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்திரேலிய மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் பெயரிலான அமைப்பின் உதவியோடு, காத்மாண்டுவில் சொந்தமாக ஒரு லென்ஸ் தொழிற்சாலையை நிறுவியது. மதுரைக்குத் தோன்றியதே காத்மாண்டுவுக்கும் தோன்றியிருக்கிறது. தேவை ஒன்றாக இருந்தால் யோசனையும் ஒன்றாக வரும் போலிருக்கிறது.

மதுரை அறுவை அரங்கின் வேகத்துக்குக் கல்யாணப் பந்திதான் எனக்குத் தோன்றும் உவமை. ஒரு வரிசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசைக்கு இலை போட ஆள் தயார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கையில் மற்றதில் அடுத்த நோயாளி மருந்து விட்டு, துணி போர்த்தித் தயாராக இருப்பார். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். இந்த ஓட்டத்தைத் தாங்குபவர்கள் 'சிஸ்டர்' என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்கள். கிராமங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர்கள். கண் அளப்பது, கருவி கொடுப்பது, நோயாளியிடம் பேசிப் பயத்தைப் போக்குவது எல்லாம் அவர்கள் கையில். மருத்துவர், மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தால் போதும். இப்படித்தான் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 ஆபரேஷனுக்கு மேல் செய்கிறார். நாட்டின் சராசரி அதில் ஒரு சிறு பங்குதான்.

வேகம் என்றதும் தொற்று பயம் வரும், வர வேண்டியதுதான். கண்ணுக்குள் சீழ் பிடித்தால் ஒரே இரவில் பார்வை போகும். பல ஊர்களில் முகாம் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே நாளில் பலர் பார்வை இழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அரவிந்த் இதற்கு எடுத்த வழியும் லென்ஸ் கதையின் தொடர்ச்சிதான். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி மாக்ஸிஃபிளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்துவது. அதற்கென்று பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத சிறு குப்பியை ஆரோலேப்பே தயாரித்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள்: 10,000 பேருக்கு 7 பேர் என்றிருந்த தொற்று 2 பேராக இறங்கியிருந்தது. ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் தினசரி வேலையே இவ்வளவு பெரிய ஆதாரமாக ஆவது மலிவு மருத்துவத்தின் பக்க வரவு. எண்ணிக்கை இல்லாமல் 7க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

இதுவரை படித்தால் எல்லாம் சுபம் போலத் தெரியும். இரண்டு இடங்களில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலாவது, லென்ஸ் விலை இறங்கினால் ஆட்கள் தானாக வருவார்கள் என்ற நம்பிக்கை. தொண்ணூறுகளில் அரவிந்த் முகாம் நடக்கிற கிராமங்களிலேயே ஓர் ஆய்வு நடந்தது, 1999இல் வெளியானது. கண் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். சிகிச்சை இலவசம், சாப்பாடு இலவசம், பேருந்தும் வரும், அப்படியிருந்தும் ஏழு. ஏன்? கூட வர மகன் ஒரு நாள் கூலியை விட வேண்டும். வீட்டில் ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை. 'இந்த வயசுக்கு மேல் பார்த்து என்ன ஆகப் போகுது' என்று கிழவி சொல்வாள், அதை வீடும் மறுக்காது. புரை இன்னும் முற்றவில்லை என்று பழைய காலத்து யோசனை சொல்லித் தள்ளிப் போடுவார்கள். பயம் வேறு. லென்ஸ் விலையை நூறிலிருந்து மூன்றுக்குக் கொண்டுவந்தவர்களால் அந்த மகனின் ஒரு நாள் கூலியைக் குறைக்க முடியாது.

இதற்கு விடையாக 2004 முதல் சின்ன ஊர்களில் 'விஷன் சென்டர்' என்ற நிலையங்கள் திறந்தார்கள். ஒரு சிறு கட்டிடம், பயிற்சி பெற்ற ஓரிருவர், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு பிளவு விளக்கு நுண்ணோக்கி. கண்ணைப் பார்த்துவிட்டு, தொலைவில் மருத்துவமனையில் இருக்கிற மருத்துவரிடம் திரையில் பேச வைப்பார்கள். தேனிப் பக்கம் இணைய வசதி சரியில்லாத காலத்தில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நீண்ட தூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு இந்த நிலையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. முகாம் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகும் உறவினர் மாதிரி. நிலையம் தெருமுனைக் கடை மாதிரி எப்போதும் திறந்திருக்கும், சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். லென்ஸைவிட இதுவே முக்கியமான புதுமை என்று வாதாட நான் தயார். ஆனால் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இல்லாததால் இதற்கு அவ்வளவு புகழ் இல்லை.

சின்னதாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காப்பாற்றி வைத்த பின்பக்க உறை சிலருக்குச் சில வருடங்களில் மங்கிவிடும். லேசரால் ஒரு சிறு திறப்புப் போட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. ஆனால் லேசர் இருக்கும் இடத்துக்கு மறுபடியும் வர வேண்டும், மறுபடியும் ஒரு நாள் கூலி. 'லென்ஸ் கெட்டுப்போச்சு' என்று நினைத்து வராமலே இருந்துவிடுபவர்கள் உண்டு.

இரண்டாவது தயக்கம், இந்த வழி எல்லா நோய்க்கும் பொருந்துமா என்பது. ஆரோலேப் லென்ஸோடு நிற்கவில்லை. தலைமுடியைவிட மெல்லிய அறுவைத் தையல் நூல், கண் மருந்துகள் என்று விலை கூடிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே மாதிரி பிரித்துப் பார்த்தது. அதில் ஒன்று கண்நீர் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, கண்ணுக்குள் வைக்கும் வடிகுழாய். சிலிக்கோனில் செய்தது, பேர்வெல்ட் என்ற அமெரிக்க வடிவத்தை ஒட்டியது. 2013இல் வந்தது, விலை 50 டாலர் அளவில். வெளிநாட்டுக் குழாய்கள் அதைப் போலப் பல மடங்கு. இந்த இடத்தில் கணக்கு மீண்டும் ஜெயித்திருக்கிறது.

ஆனால் கிளாக்கோமா கண்புரை இல்லை. புரை எடுத்துவிட்டால் மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கும்போதே பேரன் முகம் தெரியும். அந்த ஒரு காட்சிதான் ஊருக்குப் போய் இன்னும் நாலு பேரை அழைத்து வரும். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். எவ்வளவு நல்ல குழாய் வைத்தாலும் நோயாளிக்கு எதுவும் புதிதாகத் தெரியாது, மிச்சம் இருப்பது தங்கும், அவ்வளவுதான். வலி இல்லாததால் வியாதி இருப்பதே தெரியாமல் பாதிப்பேர் இருப்பார்கள். சொட்டு மருந்தை வாழ்நாள் முழுக்க விட வேண்டும். ஒரு நாள் பந்தி போட்டு முடிக்கிற காரியம் இல்லை, தினமும் உலை வைக்கிற காரியம்.

சென்ற வருடம் ஊருக்குப் போனபோது, அப்பத்தா உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் என் பெரியம்மா இருந்தார். இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தாயிற்று, கண்ணாடி இல்லாமலே அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரியப்பா. அவருக்குக் கிளாக்கோமா. சொட்டு மருந்து விட்டீர்களா என்று கேட்டேன். "நல்லாத்தானப்பா தெரியுது, அது எதுக்கு தினமும்?" என்றார். குப்பி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், முத்திரை உடைக்காமல் இருந்தது.